ஊரில் சாவு கூடிவிட்டதா? கணக்கில் சறுக்கும் இடங்கள்

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் பக்கம் எந்தக் கருமாதிக்குப் போனாலும் பந்தலில் இந்தப் பேச்சு உண்டு: "முன்ன மாதிரி இல்லப்பா, இப்ப வாரத்துக்கு ஒரு சாவு." உடனே தண்ணீர் சரியில்லை, பூச்சி மருந்து என்று காரணம் தேட ஆரம்பித்துவிடுவோம். அதற்கு முன் பந்தலைச் சுற்றிப் பாருங்கள், பாதிக்கு மேல் நரைத்த தலைதான். பிள்ளைகளெல்லாம் கிள்ளான், ஜோகூர், சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய்விட்டார்கள்.

பெரிய தவறு, இறந்தவர் எண்ணிக்கையை மொத்த ஜனத்தொகையால் வகுத்துவிட்டு அதுதான் ஊரின் ஆரோக்கியம் என்று நம்புவது. ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். அறுபதுக்குக் கீழே 2,000 பேர், மேலே 200 பேர். சின்னவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 2 பேரும் பெரியவர்களில் ஆயிரத்துக்கு 40 பேரும் இறக்கிறார்கள் என்றால் மொத்தம் 12 சாவு, அதாவது ஆயிரத்துக்கு 5.5. இப்போது இளையவர்களில் 1,000 பேர் ஊரைவிட்டுப் போகட்டும். சாவு 10 ஆகக் குறைகிறது, விகிதமோ 8.3 ஆக ஏறிவிடுகிறது! எந்த வயதுக்காரருக்கும் ஆபத்து துளியும் கூடவில்லை.

நாடுகளை ஒப்பிடும்போதும் இதே கதைதான். கோவிட்டுக்கு முன் ஜப்பானில் இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 11-க்கு மேல், மலேசியாவில் 5 சொச்சம். ஆனால் அவர்களின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 84, நம்முடையது 75 அளவில். அங்கே வயதானவர்கள் அதிகம், அவ்வளவுதான்.

சரி, அதற்காக "எல்லாம் வயசானவங்க" என்று கையை உதறுவதும் தவறு, எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது. மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு), இந்நாட்டு இந்தியர்களிடம் அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. நாற்பதிலும் ஐம்பதிலும் மாரடைப்பு, சிறுநீரகம் என்று போகிறவர்கள் மொத்தக் கணக்குக்குள் மறைந்துவிடுகிறார்கள்.

அப்புறம், ஒரே ஆண்டை வைத்து முடிவு கட்டாதீர்கள், சின்ன ஊரில் நாலு சாவு கூடினாலே விகிதம் எகிறும். மகள் வீட்டில் கிள்ளானில் இறந்த பாட்டியை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது என்பதையும் முதலிலேயே பேசி வையுங்கள்.

சாவு வீட்டுக்கு உதவிப் பணம் கொடுக்கும் எங்கள் மரண சகாய நோட்டில் பெயர், தேதி, கொடுத்த வெள்ளி (ரிங்கிட்) என்று மூன்றே கட்டங்கள். வயதுக்கு ஒரு கட்டம் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.