அரண்மனை வீடியோவைத் தொடாமல் அரச குடும்பத்தைக் கிண்டலடிப்பது எப்படி

திருப்பூரில் எங்கள் தெருப் பையன் ஒருவன், 2023 மே 6-ல் நடந்த பிரிட்டிஷ் அரசர் சார்லஸின் முடிசூட்டு விழாவை டிவியிலிருந்து அப்படியே எடுத்து, கொங்குத் தமிழில் டப்பிங் பேசி யூடியூபில் போட்டான். ராத்திரி போட்டது விடிவதற்குள் முடங்கிவிட்டது. அவன் பேசியது அத்தனை நன்றாக இருந்தது, எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அடுத்து செய்கிறவர்களுக்காவது இது உதவட்டும்.

கிண்டலுக்கு வரும் முட்டுக்கட்டை பெரும்பாலும் சட்டத்தில் இல்லை, காட்சியைக் கொடுக்கிறவர்கள் போடும் நிபந்தனையில் இருக்கிறது. 2011-ல் சார்லஸின் மகன் வில்லியம் - கேத் கல்யாணத்துக்கு ஆஸ்திரேலியாவின் ஏபிசி டிவியில் சேஸர் என்ற நகைச்சுவைக் குழு நையாண்டி வர்ணனை செய்வதாக இருந்தது. நகைச்சுவை, நையாண்டி எதிலும் இந்தக் காட்சியைப் பயன்படுத்தக் கூடாது என்று கடைசி நேரத்தில் நிபந்தனை வந்து நிகழ்ச்சியே ரத்தானது. இத்தனைக்கும் அந்த நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 2006-லேயே நையாண்டிக்கு இடம் கொடுத்துவிட்டது. காட்சியே கைக்கு வராதபோது சட்டம் இருந்து என்ன செய்ய? நம் நாட்டின் 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு விமர்சனத்துக்கு நியாயமான அளவில் எடுத்தாள விடுகிறது, ஆனால் நையாண்டி என்று பெயர் சொல்லவில்லை; அதை நம்பி ஊர்வலம் முழுவதையும் ஓட்டாதீர்கள்.

சரி, காட்சியை நீங்களே செய்துவிடுங்கள். 1984-லிருந்து பிரிட்டனின் ஐடிவியில் ரப்பர் பொம்மைகளை வைத்தே அரச குடும்பத்தை வாரினார்கள். நமக்கு ரப்பர் எதற்கு? நூல் சுற்றித் தீர்ந்த காலி கோன் திருப்பூரில் எங்கும் கிடைக்கும். அதைக் கவிழ்த்து வைத்தால் தலையும் கழுத்தும் வந்துவிடும், பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றினால் அங்கி. கிரீடத்தை மட்டும் தலையைவிடப் பெரிதாகச் செய்யுங்கள். நிஜத்தில் முடிசூட்டும்போது வைக்கும் புனித எட்வர்ட் கிரீடம் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், பொம்மையின் கழுத்து மடங்கி மடங்கி நிமிர்வதைப் பார்த்தாலே சிரிப்பு வரும். அரசர் ஊர்வலம் போகும், 1762-ல் செய்த தங்க ரதம் சுமார் 4 டன், இழுக்க எட்டுக் குதிரை. நீங்கள் அட்டையில் ஒரு ஜோடி காங்கேயம் காளை வெட்டிப் பூட்டிவிடுங்கள்.

பேச்சுக்குச் சரக்கு அரச குடும்பத்தின் வாழ்க்கையிலேயே கிடக்கிறது. அரசரிடமிருந்து அடுத்த அரசருக்குப் போகும் சொத்துக்கு 1993 ஏற்பாட்டின்படி வாரிசு வரி கிடையாது. இங்கே அப்பா தோட்டத்தை மகன் பேருக்கு எழுதிக் கொடுக்க பத்திர ஆபீஸில் முத்திரைத் தீர்வை கட்டாமல் முடியுமா? வரிசையில் நிற்கும் விவசாயி பக்கத்தில் சார்லஸ் பொம்மையை நிறுத்தி, விவசாயியைக் கேட்க விடுங்கள்:

“ஏனுங் மாமா, நீங்க எவ்வளவு கட்டுனீங்க?”
“நமக்கு அதெல்லாம் இல்லீங்க மாப்ளே.”

இந்த ஒரு இடத்தில் நின்று நிதானமாக விளையாடுங்கள், அவசரப்பட்டு அடுத்த காட்சிக்கு ஓடாதீர்கள்.

2024-ல் சார்லஸுக்கும் கேத்துக்கும் புற்றுநோய் என்று அறிவித்தார்கள். அந்தப் பக்கம் போகவே வேண்டாம், நோயாளியைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் நமக்கு வேண்டாம்.

அப்புறம் இசை. படத்தை விட்டுவிட்டு ஒலிபரப்பின் ஒலியை மட்டும் எடுத்தாலும், அடுத்தவர் சரக்கைத் தானாகவே கண்டுபிடிக்கும் யூடியூபின் கண்டன்ட் ஐடி பிடித்துவிடும். ரதம் நகரும்போது உடுக்கை அடித்தால் போதும். ஊரில் உடுக்கை அடிக்கிறவர் யாராவது இருப்பார், அவரை அழைத்து ஃபோனிலேயே பதிவு செய்து, வீடியோவில் அவர் பேரைப் போட்டு, வெற்றிலை பாக்கோடு காசும் வைத்துக் கொடுங்கள்.