பூனைக்குட்டிகள் பால் மறக்க

பெங்களூரு அல்சூரில், எங்கள் மாடிப்படிக்கு அடியில் குட்டி போட்ட பூனைக்கு இதைத்தான் செய்தோம். 4 வாரம் ஆனதும் குட்டிகளுக்கான உணவை வெதுவெதுப்பான நீரில் கூழாகக் குழைத்து, தட்டையான தட்டில் வையுங்கள். முதல் நாள் தட்டுக்குள் கால்களை விட்டு மீசையெல்லாம் பூசிக்கொள்ளும். விரல் நுனியில் தொட்டு நக்கக் கொடுத்தால் பழகிவிடும். பசும்பால் மட்டும் வேண்டாம், வயிற்றால் போகும். 8 வாரத்துக்குள் பெரும்பாலும் பால் மறந்துவிடும்.

தாயைப் பகலில் சில மணி நேரம் தனியாக விட்டு, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். மடி கனத்திருக்கிறதே என்று பாவப்பட்டுப் பீய்ச்சாதீர்கள். பீய்ச்சப் பீய்ச்சப் பால் ஊறும். மடி சிவந்து, சூடாக, கல் போல இருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அப்புறம், பால் கொடுக்கும்போதே அது மறுபடி சினையாகலாம். கருத்தடைக்கும் நாள் கேட்டு வையுங்கள்.