மட்கும் பை போட்ட இடத்திலெல்லாம் மட்கிவிடாது

2019 ஜனவரி முதல் தேதி தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகளுக்குத் தடை வந்தபிறகு, 'இது மட்கும் பைதான்' என்று சொல்லிக் கொடுக்கப்படும் பைகள் நம் வீடுகளில் சேர ஆரம்பித்தன. குப்பை வாளிக்குள் விரிப்பதற்கென்றே சுருளாகவும் விற்கிறார்கள். வாங்குகிறவர்களின் எண்ணம் நல்லதுதான். அந்த நல்லெண்ணம் வீணாகப் போகிற இடங்களைத்தான் சொல்ல நினைக்கிறேன்.

பெரிய தவறு, நிரம்பிய பையை அப்படியே கட்டித் தென்னை மூட்டிலோ வாழை மூட்டிலோ புதைப்பது. இந்தப் பைகளுக்கான தரக்குறியீடு ஐ.எஸ்.ஓ. 17088. அதற்கான சோதனையை உரக்கூடத்துச் சூட்டில், சுமார் 58 டிகிரியில் செய்கிறார்கள். அந்தச் சூட்டில் 180 நாளுக்குள் பையின் பெரும்பகுதி கரியமில வாயுவாக மாறிவிட வேண்டும். நம் விளையில், அதாவது தோட்டத்தில், தோண்டும் சின்னக் குழி அந்தச் சூட்டைப் பிடித்து வைக்காது. ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டும் கிடைக்கிற மாவட்டம் நம் குமரி. குழி ஈரமாகக் குளிர்ந்தே கிடக்கும். வாயை இறுக்கிக் கட்டியிருந்தால் காற்றும் போகாது. உள்ளே இருப்பது மட்காமல் அழுகி நாறும்.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய பையை மண்ணில் புதைத்துப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். 27 மாதம் கழித்தும் பை மண்ணில் இருந்தது. பொருள் வைத்தால் கிழிந்தது, அவ்வளவுதான். அதே பை கடல்நீரில் மூன்று மாதத்துக்குள் காணாமல் போனது. அதைக் கேட்டுக் கடலில் வீசலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆமையோ மீனோ விழுங்குவதற்கு மூன்று மாதம் தாராளம்.

அடுத்தது, பச்சை நிறத்தையும் இலைப் படத்தையும் நம்புவது. 'பயோ', 'ஈக்கோ', 'ஆக்ஸோ' என்று அச்சிட்டிருந்தால் போதாது. ஆக்ஸோ வகை என்பது சாதாரண பிளாஸ்டிக்கில் ரசாயனம் கலந்தது. நாளடைவில் பொடிப்பொடியாக உதிரும், அந்தப் பொடியும் பிளாஸ்டிக்தான். பையில் 17088 என்ற எண், தயாரிப்பாளர் பெயர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் எண் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். 'சோளமாவுப் பை' என்கிறார்களே, அதிலும் பலவற்றில் மாவுடன் பெட்ரோலியத்திலிருந்து எடுத்த பாலிமர் கலந்திருக்கிறது.

பால் கவரோடு சேர்த்துப் பழைய பிளாஸ்டிக்காகப் போடுவதும் தவறு. மறுசுழற்சிக்குப் போகும் பிளாஸ்டிக்கில் இது கலந்தால் அந்த மொத்தமும் தரம் கெடும். எரிக்கவும் வேண்டாம்.

சரி, தூய்மைப் பணியாளரிடம் மட்கும் குப்பையாகவே கொடுத்துவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். வண்டியில் குவிந்த பைகளில் எது மட்கும் பை, எது சாதாரணப் பை என்று பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரியாது. கையை விட்டுப் பிரித்துக் கொட்டிவிட்டுப் பையைத் தனியே எறிய வேண்டியிருக்கும். மீன் கழிவு மூன்று நாள் கட்டிக் கிடந்த பையைத் திறக்கிற அந்தக் கையை நினைத்துப் பாருங்கள். கழிவை நீங்களே வாளியிலிருந்து நேராகக் கொட்டிக் கொடுப்பதுதான் முறை. உங்கள் ஊர் உர மையத்தில் மட்கும் பையை எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள். எடுப்பார்கள் என்றால் மட்டும் பையோடு கொடுங்கள்.

உண்மையில் நம் வீட்டு வாளிக்குப் பையே தேவையில்லை. செய்தித்தாள் மூன்று, நான்கு தாளைக் குறுக்கும் நெடுக்குமாக அடியில் மடித்து வையுங்கள். ஓரம் வாளியின் பாதி உயரத்துக்கு ஏறி நிற்கட்டும். அதன்மேல் ஒரு பிடி தும்புத்தூள், அதாவது தேங்காய் நார்த்தூள். மரச்சீனித் தோல், சக்கை மடல், காய்கறிக் கழிவு எல்லாம் விழ விழ, அதன் நீரைத் தும்பு இழுத்துக்கொள்ளும். வாழைச்சருகு கிடைத்தால் செய்தித்தாளும் வேண்டாம். சாளையின் தலையும் குடலும் இருக்கிற அன்று, அதைச் சருகில் பொதிந்து, சாம்பல் தூவி, நாய் தோண்டாத ஆழத்தில் அன்றே புதைத்துவிடுங்கள். மீன் கழிவை வாளியில் இரவு தங்கவிடவே கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வேன். வாளி நாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

பை போட்டே தீர வேண்டிய அடுக்குமாடி வீடுகளும் உண்டு. அவர்கள் சுடுகஞ்சியை, சூடான குழம்பு மிச்சத்தைப் பையில் ஊற்றக் கூடாது, இளகிக் கிழியும். இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று கட்டுக்கட்டாக வாங்கி அடுக்காதீர்கள், நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அலமாரியில் இருந்தே பலமிழக்கும். ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் சுருளை முதலில் தீருங்கள். அப்புறம் செய்தித்தாளுக்கு மாறலாம்.