ஈஎக்ஸ்5 மோட்டாரில் ஆயில் அளவைச் சரியாகப் பார்ப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் பட்டறைக்குத் தோட்டங்களிலிருந்து வருபவை பெரும்பாலும் ஹோண்டா ஈஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு ஓடும், மத்தியானம் செம்பனைக்குள் செம்மண் பாதையில் இறங்கும், சாயந்திரம் பிள்ளையை டியூஷனுக்கு ஏற்றிப் போகும். இத்தனைக்கும் ஆயில் மாற்றும்போது அதற்குள் ஊற்றுவது ஒரு லிட்டருக்கும் குறைவுதான். அதனால் அளவு கொஞ்சம் தப்பினாலும் எஞ்சினுக்குக் கேடுதான்.

“அண்ணே, போன வாரம்தான் ஊத்தினேன், ஆயிலே காட்டல” என்று யாராவது வந்தால், நான் முதலில் கேட்பது, “எந்த ஸ்டாண்டுல நிறுத்திப் பார்த்தே தம்பி?” என்பதுதான். சைடு ஸ்டாண்டில் மோட்டார் இடது பக்கம் சாயும். ஆயில் மூடியோடு சேர்ந்த அளவுக் குச்சியோ வலது பக்கம் இருக்கிறது. ஆயில் இடது பக்கம் ஒதுங்கிவிடுவதால், குச்சி குறைவாகவே காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றிவிடுகிறார்கள். கூடிப்போன ஆயிலை உள்ளே சுற்றும் பாகங்கள் அடித்து நுரையாக்கும். அது ஏர் ஃபில்டர் பெட்டிவரை ஏறி, புகையும் வரும். நல்ல எஞ்சின் இப்படிக் கெடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

ஆகவே நடு ஸ்டாண்டு போடுங்கள். தரை சமமாக இருக்க வேண்டும். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல் சரிவாக இருந்தால் தோட்ட மண்டபத்துப் பூப்பந்துத் திடலுக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். எஞ்சினை 3 முதல் 5 நிமிடம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். அப்புறம் 2, 3 நிமிடம் காத்திருங்கள். அணைத்தவுடன் பார்த்தால், மேலே ஏறிய ஆயில் முழுவதும் கீழே இறங்கியிருக்காது. காத்திருக்கும் நேரத்தில் மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள், திறக்கும்போது அது உள்ளே விழக் கூடாது. பக்கத்தில் புகைக்குழாய் சுடும், கை பத்திரம்.

மூடியைத் திருகி எடுத்து, குச்சியைச் சுத்தமான துணியால் துடையுங்கள். மறுபடி உள்ளே விடும்போது திருகாதீர்கள். மூடி வாயில் சும்மா உட்கார்ந்தால் போதும். திருகினால் குச்சி கூடுதலாக இறங்கி, இல்லாத ஆயிலை இருப்பதாகக் காட்டிவிடும். வேறு சில மாடல்களில் முறை மாறலாம், அந்த மோட்டாரின் கையேட்டைப் பாருங்கள். குச்சிக்குப் பதிலாக ஆயில் மட்டம் தெரியும் கண்ணாடி வைத்த எஞ்சின் என்றால் மோட்டாரை நிமிர்த்தி வைத்து, கண்ணாடி மட்டத்துக்குக் குனிந்து பார்த்தால் சரி.

குச்சியில் மேல்கோடு, கீழ்கோடு இரண்டுக்கும் நடுவே ஆயில் நிற்க வேண்டும். கீழ்கோட்டுக்குக் கீழே இருந்தால் 50 மில்லி போல ஊற்றி, கொஞ்சம் பொறுத்து மறுபடி பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டினால் வடித்துத்தான் ஆக வேண்டும். கார் ஆயில் மீதி இருக்கிறதே என்று ஊற்றாதீர்கள். இதே ஆயிலில்தான் கிளட்சும் நனைகிறது, வழுக்கும். டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ (JASO MA) என்று போட்டிருப்பதை வாங்குங்கள், ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக் குறி அது.

அடிக்கடி குறைந்தால், வடிகால் போல்ட்டில் கசிவு இருக்கிறதா, புகை நீலமாக வருகிறதா என்று பாருங்கள்.

குச்சியில் வருவது தே தாரேக் (பால் தேநீர்) நிறத்தில் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. வெள்ளத்தில் இறங்கிய மோட்டார்களில் இதைப் பார்த்திருக்கிறேன். அளவு சரியாகவே இருந்தாலும் எஞ்சினை மறுபடி முடுக்காமல், பட்டறைக்குத் தள்ளிக்கொண்டே வாருங்கள்.