கண்ணை மூடினால் கால் காணாமல் போகிறது

பக்கவாதம் வந்து எட்டு மாதத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டேன், ஆனால் கண்ணை மூடினால் இடது பாதம் எங்கே கிடக்கிறது என்றே தெரியாது. காரைக்குடி வீட்டில் ஆத்தங்குடிக் கல் தரை, கண்ணாடி மாதிரி. வளவிலிருந்து (வீட்டின் உள்முற்றப் பகுதி) வரும்போதெல்லாம் நிலைப்படியில் விரல் இடிக்கும், ஆத்தா “பாத்து வாப்பா” என்று சத்தம் போடுவார்கள்.

பிசியோதெரபிஸ்ட் அழுத்தக் காலுறையும் முழங்கால் உறையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். தோலையும் தசையையும் இறுக்கிப் பிடிப்பதால் கால் இருக்கும் நிலை பற்றி மூளைக்குக் கூடுதல் சேதி போகுமாம்.

கண்ணளவில் வாங்கியதுதான் தப்பு. உணர்ச்சி குறைந்த கால், இறுக்கமே உறைக்கவில்லை. சாயங்காலம் கழற்றினால் உறை சுருண்ட இடத்தில் சிவந்த கோடு, விரல்கள் நீலம். அப்புறம் காலையில், வீக்கம் ஏறுமுன், கணுக்காலையும் கெண்டைக்காலையும் டேப்பால் அளந்து வாங்கினேன். (காலில் ரத்தக்குழாய் அடைப்போ புண்ணோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.)

உறையை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது. தேக்குத் தூணைப் பிடித்து எடையை இடம் வலம் மாற்றிப் பத்து நிமிடம், பிறகு ஒற்றை விரல் மட்டும் தூணில். மூன்றாவது வாரம் குனிந்து பார்க்காமலே நிலைப்படியைத் தாண்டினேன். கழற்றினால் பாதி போய்விடுகிறது, அது வேறு விஷயம்.