பழைய ஆபீஸ் ஃபைலா? முதலில் ஃபேக்ஸை எடுங்கள்

பம்பாயில் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக ரீடெவலப்மென்டுக்குப் போகின்றன. வீட்டைக் காலி பண்ணும்போது பரணிலிருந்து அப்பாவின் ஆபீஸ் ஃபைல்களும் இறங்கும். நான் ஃபோர்ட் ஏரியா ஆபீஸில் ஸ்டெனோவாக இருந்து ரிடையர் ஆனவள். அதனால் எங்கள் பில்டிங்கில் எல்லோரும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஸ்கேன் பண்ண உட்காருமுன் அவர்களிடம் சொல்வது இதுதான்.

வருஷவாரியாக அடுக்கிக்கொண்டிருக்க வேண்டாம். எது முதலில் அழியுமோ அதை எடுங்கள். 1960களில் டைப் அடித்த கடிதம் இன்னும் பளிச்சென்று இருக்கும். 1990களின் ஃபேக்ஸ்தான் வெளுத்துப்போகும். ஃபேக்ஸ் ரோலில் மையே கிடையாது, காகிதத்தின் மேல்பூச்சு சூடு பட்டுக் கறுக்கும், அவ்வளவுதான். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அந்தக் காகிதமேதான். பத்திரப்படுத்துகிறேன் என்று லாமினேட் பண்ணிவிடாதீர்கள், முழுசும் கறுத்துவிடும். பிளாஸ்டிக் கவரும் ஆகாது. விவரமான கிளார்க் வைத்த ஃபைலாக இருந்தால் பின்னாலேயே ஜெராக்ஸ் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கலரில், 300 டிபிஐயில் ஸ்கேன் பண்ணுங்கள். மங்கின எழுத்தைக் கம்ப்யூட்டரில் ஓரளவு தூக்கிவிடலாம்.

அடுத்தது கார்பன் காப்பி. வெங்காயத்தோல் மாதிரி இருக்கும், தானாக இழுக்கும் ஸ்கேனரில் போட்டால் கிழியும். கண்ணாடி மேல் ஒவ்வொன்றாக வைத்து, பின்னால் ஒரு வெள்ளைத் தாள் கொடுங்கள். துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்காமல், மெதுவாகத் திருகி எடுங்கள். மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம். பம்பாய் ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கடிதத்தின் இடது கீழ்மூலையை வெட்டிவிடாதீர்கள். அங்கே சாய்கோட்டுக்கு ஒரு பக்கம் டிக்டேட் பண்ணியவரின் இனிஷியல், மறுபக்கம் டைப் அடித்தவரின் இனிஷியல் இருக்கும். எங்கள் பெயர் ஆபீஸ் கடிதத்தில் ஏறியது அந்த ஒரு இடத்தில்தான்.

ஷார்ட்ஹேண்ட் நோட்டு கிடைத்தால் கறுப்பு-வெள்ளையில் எடுக்காதீர்கள், கிரேயில் எடுங்கள். பிட்மேன் முறை ஷார்ட்ஹேண்டில் ஒரே கோடு மெல்லியதாக இருந்தால் ‘ட’ (T), அழுத்திப் போட்டால் ‘ட’வின் கனத்த ஒலி (D). கறுப்பு-வெள்ளையில் இரண்டும் ஒன்றாகிவிடும். அதுவும் போதாது: வேகத்தில் உயிரெழுத்துக் குறிகளை முக்கால்வாசி விட்டுவிடுவோம், இடம் பார்த்துத்தான் வார்த்தையைப் பிடிக்க வேண்டும். எழுதின கை உயிரோடிருந்தால் உடனே பக்கத்தில் உட்காரவைத்து, வாசிக்கச் சொல்லி போனில் பதிவு பண்ணுங்கள். இன்னொரு ஸ்டெனோவால் பாதிதான் படிக்க முடியும்.

ஃப்ளாப்பி என்றால், மூன்றரை அங்குலத்துக்கு யுஎஸ்பியில் மாட்டுகிற ஃப்ளாப்பி டிரைவ் போதும். லாமிங்டன் ரோடு கம்ப்யூட்டர் கடைகளில் விசாரியுங்கள். பெரிய, வளைகிற ஃப்ளாப்பி அதில் நுழையாது, அதற்குத் தனி டிரைவ் வேண்டும். திறந்ததும் ஒவ்வொரு வார்த்தையின் கடைசி எழுத்து மட்டும் கோணல்மாணலாக வந்தால் பயப்படாதீர்கள், அது வேர்ட்ஸ்டார் என்ற பழைய டைப்பிங் புரோகிராமின் ஃபைல். வார்த்தையின் கடைசி எழுத்திலேயே ஒரு பிட்டை, அதாவது ஒரு சின்ன அடையாளத்தை, அது ஏற்றிவைக்கும். மாற்றிக்கொடுக்கிற புரோகிராம்கள் உண்டு.

பெயர் வைக்கும்போது வருஷம், மாதம், தேதி என்ற வரிசையில் வையுங்கள்: 1987-03-14. அப்போதுதான் கம்ப்யூட்டர் தானே அடுக்கும். ‘அப்பா லெட்டர் புதுசு 2’ என்று வைத்தால், தேடுவதற்கும் என்னிடம்தான் வருவீர்கள்.