தூக்க மாத்திரை: தொடங்கும்போதே நிறுத்தும் நாளைக் கேளுங்கள்

துக்கத்தாலோ பதற்றத்தாலோ பல இரவுகள் உறங்காதவர்களுக்கு மருத்துவர்கள் டயசெபாம், அல்பிரசோலாம், லோரசெபாம் போன்ற மாத்திரைகளைச் சில நாள்களுக்குத் தருவதுண்டு. இவை நன்றாகவே வேலை செய்யும். ஆயினும் நாள்தோறும் உட்கொண்டால் சில வாரங்களிலேயே உடல் இவற்றுக்குப் பழகிவிடும் என்பதால், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் நீட்டிக்கக் கூடாது என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. எனவே எத்தனை நாள் உட்கொள்வது, எப்படி நிறுத்துவது என்ற இரண்டையும் முதல் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

மலேசியாவின் பினாங்கில் தனியார் கிளினிக்குகள் பெரும்பாலும் மருந்தையும் தாங்களே சிறு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிடுகின்றன. அந்தப் பையின் மீது 'பிலா பெர்லு', அதாவது தேவைப்படும்போது, என்று எழுதியிருந்தால், எது தேவை, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை என்பதைக் கேட்டுத் தெளிவு பெறாமல் வெளியே வராதீர்கள். மருந்தின் பெயரும் அளவும் பையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வேறொரு மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவருக்கு அவை கட்டாயம் வேண்டும்.

மதுவோ கள்ளோ அருந்தும் நாளில் இம்மாத்திரையைத் தொடவே கூடாது. டிரமடோல் போன்ற வலி மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ இதனுடன் சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடலாம். எழுப்பியும் எழாதவருக்கு உடனே 999 எண்ணை அழையுங்கள். டயசெபாம் மறுநாளும் உடலில் தங்கியிருப்பதால், அதிகாலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து அக்கரையிலுள்ள பிறை நகருக்கு வேலைக்குச் செல்வோர் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வயதானவர்கள் இரவில் கழிவறைக்கு எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் அபாயம் உண்டு; அவர்கள் படுக்கும் அறையில் சிறு விளக்கொன்று எரியட்டும்.

நிறுத்தும் கட்டத்தில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். மாத்திரையை விட்ட முதல் சில இரவுகளில் உறக்கம் முன்னைவிடவும் கெட்டுப்போகக்கூடும். அது மருந்து விலகுவதன் விளைவு என்பதை அறியாமல், நோய் திரும்பிவிட்டதென்று அஞ்சி மீண்டும் விழுங்கத் தொடங்குவதால் வாரங்கள் மாதங்களாகிவிடுகின்றன. பல வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வியர்வையும், சிலருக்கு வலிப்பும்கூட வரலாம். அவர்கள் மருத்துவர் வகுத்துத் தரும் கணக்குப்படி அளவைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

"எனக்குக் கேட்டது, உனக்கும் கேட்கும்" என்று மீந்த மாத்திரையை உறவினருக்குக் கொடுப்பது நம் வீடுகளில் அன்பின் பெயரால் நடக்கும் தவறு. இவை 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டக் கட்டுப்பாட்டில் உள்ளவை. மீந்ததை அரசு மருத்துவமனையின் மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.